திருட்டா, பறிப்பா, கொள்ளையா? புகாரில் ஒரு வரி மாறினால் சட்டப் பிரிவே மாறும்!

ஆடித்தபசு நாள். சங்கரன்கோவில் ரத வீதிகளில் ஊசி போட இடமில்லாத கூட்டம். தபசுக் காட்சி முடிந்து ஜனம் கலையும் நேரத்தில், ஒரு பெண் கழுத்தைத் தடவிக்கொண்டே போலீஸ் ஸ்டேஷனுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். "ஐயா, என் செயினைக் காணோம்யா" என்கிறார்.

'காணோம்' என்ற சொல்லில் குற்றம் எதுவும் இல்லை. செயின் அறுந்து தானாகவே விழுந்திருக்கலாம். ஆனால், அவரை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, நிதானமாகக் கேட்டால் வேறு கதை வரலாம். "பின்னாலருந்து ஒருத்தன் வெடுக்குன்னு இழுத்தான்யா, நான் திரும்புறதுக்குள்ள ஓடிட்டான்" என்றால் அது பறிப்பு. "என்னையக் கீழ தள்ளிவிட்டுட்டு அத்துட்டு ஓடினான்" என்றால் அது கொள்ளையாகவே ஆகலாம். செயின் அதே 3 சவரன்தான். ஆனால் முதல் குற்றத்துக்கு அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. இரண்டாவதற்கு 10 ஆண்டு, காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனைகூட.

நம்ம பேச்சு வழக்கில் களவு, திருட்டு, வழிப்பறி, கொள்ளை எல்லாமே ஒண்ணுதான். பூட்டை உடைத்து நகையை எடுத்தாலே 'வீட்டில் கொள்ளை' என்று செய்தி போடுகிறோம். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பொருள் போனது மட்டும் அதற்குப் போதாது. எப்படிப் போனது, எங்கே போனது, எத்தனை பேர் வந்தார்கள், பகலா இரவா, யாருக்காவது அடிபட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். அந்தப் பதில்களை முதலில் சொல்ல வேண்டியவர் பாதிக்கப்பட்டவர்தான். அதனால் இந்த வித்தியாசங்கள் வக்கீலுக்கு மட்டுமல்ல, நமக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எந்தச் சட்டம்?

1862 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 511 பிரிவுகள் 358 ஆகக் குறைந்தன. கொலை என்றால் 302, மோசடி என்றால் 420 என்று சினிமா பார்த்துப் பழகிய எண்கள் மாறிவிட்டன. இப்போது கொலைக்கு 103, மோசடிக்கு 318(4). ஆனால் 2024 ஜூலை 1-க்கு முன்பு நடந்த சம்பவம் என்றால், புகார் இன்றைக்குக் கொடுத்தாலும் பழைய சட்டப் பிரிவுகள்தான் பொருந்தும்.

இது நாடு முழுவதற்கும் பொதுவான சட்டம். குற்றவியல் சட்டம் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் இருப்பதால், மாநிலங்களும் இதில் சட்டம் இயற்ற முடியும். தமிழ்நாட்டுக்கென்று இருக்கும் சட்டங்களைப் பின்னால் பார்ப்போம். முதலில் பொருள் மீதான குற்றங்கள்.

திருட்டு: அனுமதி இல்லாமல் நகர்த்தினாலே போதும்

பிரிவு 303 சொல்வது இதுதான்: நகர்த்தக்கூடிய ஒரு பொருளை, அதை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு எடுப்பதற்காக நகர்த்தினால் அது திருட்டு. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதில்லை. அந்த எண்ணத்தோடு இடத்தை விட்டு நகர்த்திய கணமே குற்றம் முடிந்துவிடுகிறது.

'நகர்த்தக்கூடிய பொருள்' என்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. புளியங்குடிப் பக்கம் எலுமிச்சைத் தோட்டத்தில் மரத்தில் இருக்கும் காய், நிலத்தோடு சேர்ந்த பொருள். அது அந்த நிலையில் திருட்டுக்கு உள்ளாகாது. பறித்த நொடியில் அது நகரும் பொருளாகி, எடுத்தவர் திருடராகிறார். வெட்டிய மரத்துக்கும் இதே கணக்குதான். நிலத்தையே யாராவது வளைத்துக்கொண்டால் அது திருட்டு ஆகாது. அத்துமீறல், மோசடி, போலி ஆவணம் என்று வேறு பிரிவுகளுக்குப் போகும்.

தண்டனை 3 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஏற்கெனவே இதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் என்றால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு.

புதுச் சட்டத்தில் கவனிக்க வேண்டிய மாற்றம் இது. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, செய்தவர் முதல்முறை தண்டனை பெறுபவராகவும் இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்குச் சமூக சேவைதான் தண்டனை. இந்தச் சின்னத் திருட்டில் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரணையில் இறங்க முடியாது. அதனால் பொருளின் மதிப்பு முக்கியமாகிவிட்டது. செல்போன் பில், நகைக் கடை ரசீது இவற்றைத் தூக்கிப் போடாதீர்கள். பில் இல்லையென்றால் நகை அணிந்திருக்கும் போட்டோவாவது கைவசம் இருக்கட்டும்.

இடம் மாறினால் தண்டனையும் மாறும்

பஸ் ஸ்டாண்டில் பெஞ்சின் மீது வைத்த பையை ஒருவர் தூக்கிப்போனால், சாதாரணத் திருட்டு. அதே பை ஓடும் பஸ்ஸுக்குள் இருந்து போனால் பிரிவு 305. பயணிகளோ சரக்கோ ஏற்றும் வாகனத்திலிருந்து பொருளைத் திருடினாலும், அந்த வாகனத்தையே திருடினாலும், குடியிருக்கும் வீட்டிலோ பொருள்களைப் பாதுகாக்கும் கட்டடத்திலோ திருடினாலும், அரசு சொத்தைத் திருடினாலும் 7 ஆண்டு வரை சிறை.

இதே பிரிவில் வழிபாட்டுத் தலத்தின் சிலைகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். தமிழ்நாடு இதில் முன்னோடி. சிலைத் திருட்டுக்காக 1993-லேயே இந்திய தண்டனைச் சட்டத்தில் மாநிலத் திருத்தம் கொண்டுவந்தது. காரணம் நமக்குத் தெரிந்ததுதான். கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலிலிருந்து 1982-ல் களவுபோன நடராஜர், ஆஸ்திரேலியாவின் அருங்காட்சியகம் ஒன்றிலிருந்து ஊர் திரும்ப 2019 ஆகிவிட்டது.

பூட்டிய வீட்டுக்குள் நுழைந்து திருடுவதைப் போலீஸ் வட்டாரத்தில் 'கன்னக்களவு' என்பார்கள். சுவரில் கன்னம் வைத்த காலத்துச் சொல். பூட்டை உடைத்தாலும், கள்ளச்சாவி போட்டுத் திறந்தாலும், சட்டப்படி அது வீட்டை உடைத்து நுழைவதுதான். திருடும் நோக்கத்தோடு பகலில் நுழைந்தால் 10 ஆண்டு வரை; சூரியன் மறைந்து மீண்டும் உதிப்பதற்குள் நுழைந்தால் 14 ஆண்டு வரை. 'நாங்க ஊருக்குப் போயிட்டு வந்தப்போ வீடு திறந்து கிடந்துச்சு' என்று மட்டும் எழுதினால் போதாது. எப்போது பூட்டினீர்கள், கடைசியாக யார் பார்த்தார்கள், பூட்டு எப்படி இருந்தது என்பதையும் எழுதுங்கள். கைரேகை எடுக்கும் வரை எதையும் தொட வேண்டாம். பதற்றத்தில் வீட்டைக் கூட்டிப் பெருக்கிவிடுபவர்களும் உண்டு!

பறிப்பு, மிரட்டிப் பறிப்பு, கொள்ளை

பழைய சட்டத்தில் செயின் பறிப்புக்குத் தனிப் பிரிவு இல்லை. புதுச் சட்டத்தின் 304 அதை நிரப்பியது. திருடும் நோக்கத்தில் திடீரென்றோ, வேகமாகவோ, பலவந்தமாகவோ ஒருவரிடமிருந்து பொருளைப் பிடுங்கினால் அது பறிப்பு; 3 ஆண்டு வரை சிறை, அபராதம். இதில் போலீஸ் நேரடியாக விசாரணையில் இறங்கலாம்.

பொருளை எடுப்பதற்காக, அல்லது எடுத்துக்கொண்டு தப்புவதற்காக, அடித்தாலோ, வழிமறித்தாலோ, 'இப்பவே குத்திப்புடுவேன்' என்று உடனடி பயத்தை உண்டாக்கினாலோ அது கொள்ளை. பிரிவு 309. தண்டனை 10 ஆண்டு வரை. இரவில் நெடுஞ்சாலையில் நடந்தால் 14 ஆண்டு வரை. கோவில்பட்டி ரோட்டிலோ ராஜபாளையம் ரோட்டிலோ ராத்திரி பைக்கை மறித்துப் பணத்தைப் பிடுங்கினால் என்ன பிரிவு என்று இப்போது நீங்களே சொல்லிவிடலாம். காயம் ஏற்படுத்தினால் ஆயுள் வரை போகும்.

அதே மிரட்டல் உடனடியாக இல்லாமல், 'மாசாமாசம் இவ்வளவு தரலைன்னா கடை இருக்காது பாத்துக்க' என்ற ரகத்தில் இருந்து, பயத்தில் நீங்களே எடுத்துக் கொடுத்தால் அது மிரட்டிப் பறித்தல். பிரிவு 308, 7 ஆண்டு வரை.

5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து கொள்ளையடித்தால் அது கூட்டுக் கொள்ளை. பிரிவு 310. பக்கத்தில் நின்று உதவி செய்தவரும் அந்தக் கணக்கில் சேர்வார். 4 பேருக்கும் 5 பேருக்கும் நடுவே சட்டம் போட்டிருக்கும் கோடு இது. அதனால் வந்தவர்கள் எத்தனை பேர், தள்ளி நின்று வண்டியை உறுமவிட்டபடி காத்திருந்தவர் உண்டா என்பதைச் சொல்ல மறக்காதீர்கள்.

நம்பிக் கொடுத்தது போனால்?

விசைத்தறி ஊருக்கு இந்த உதாரணம் எளிதில் புரியும். கூலிக்கு நெய்து தரச் சொல்லி ஒருவரிடம் நூலைக் கொடுக்கிறீர்கள். அவர் நெய்த துணியை வெளியே விற்றுவிட்டுக் கையை விரிக்கிறார். அவர் உங்களிடமிருந்து எதையும் திருடவில்லை. நீங்களே நம்பிக் கொடுத்தீர்கள். இது நம்பிக்கை மோசடி. பிரிவு 316, 5 ஆண்டு வரை.

ஆனால் நூலை வாங்கும்போதே நெய்து தரும் எண்ணம் அவருக்கு இல்லை, பொய் சொல்லித்தான் வாங்கினார் என்றால் அது ஏமாற்று. பிரிவு 318(4), 7 ஆண்டு வரை. ஏமாற்றும் எண்ணம் முதல் நாளே இருந்ததா, பிறகு வந்ததா என்பதுதான் இரண்டையும் பிரிக்கிறது. தொழில் நொடித்துப்போய்க் கடனைத் திருப்ப முடியாதவர்மீது இந்த இரண்டுமே பாயாது. அது சிவில் வழக்கு. போலீஸ் ஸ்டேஷனில் தீராது.

அடிதடி: பல் விழுந்தால் கதை வேறு

வரப்புத் தகராறு, தண்ணீர் பாய்ச்சுவதில் சண்டை, கொடை விழாவில் வாய்த்தகராறு. தமிழ்நாட்டு எஃப்.ஐ.ஆர்-களில் 294(பி), 323, 506(2) என்ற மூன்று எண்களும் சேர்ந்தே வரும். ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, கொலை மிரட்டல் விட்டது. புதுச் சட்டத்தில் அவை 296(பி), 115(2), 351(3).

ஒருவருக்கு உடல் வலி, நோய், பலவீனம் எதை உண்டாக்கினாலும் அது 'காயம்'. வேண்டுமென்று செய்தால் 115(2). 1 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். இது மட்டும் தனியாக இருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவின்றிப் போலீஸ் விசாரிக்க முடியாது. அதனால்தான் பல நேரங்களில் எஃப்.ஐ.ஆர் இல்லாமல் சி.எஸ்.ஆர் ரசீது கையில் கிடைக்கிறது.

'கொடுங்காயம்' என்றால் என்ன என்பதற்குப் பிரிவு 116-ல் பட்டியலே உண்டு. கண் பார்வை அல்லது காது கேட்கும் திறன் நிரந்தரமாகப் போவது, கை, கால், மூட்டு செயலிழப்பது, முகம் நிரந்தரமாகச் சிதைவது, எலும்போ பல்லோ முறிவது அல்லது இடம் பெயர்வது, உயிருக்கு ஆபத்தான காயம் என்று அது போகிறது. 15 நாள் கடும் வலியில் துடித்தாலும், அன்றாட வேலையைப் பார்க்க முடியாமல் போனாலும் அதில் சேரும். பழைய சட்டத்தில் இது 20 நாள். கொடுங்காயத்துக்கு 117(2)-ன்படி 7 ஆண்டு வரை.

அரிவாள், கத்தி போன்ற ஆபத்தான ஆயுதம் வந்துவிட்டால் பிரிவு 118. சாதாரணக் காயம் என்றாலும் 3 ஆண்டு வரை. கொடுங்காயம் என்றால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

அடியே விழாமல் கையை ஓங்கி வந்தாலும், அடிக்கப்போகிறார் என்ற அச்சத்தை அது உண்டாக்கினால் குற்றம்தான். பிரிவு 130 அதைத் 'தாக்க முனைதல்' என்ற வகையில் வைக்கிறது. ஆனால் வெறும் வாய்ப்பேச்சு இதில் வராது.

அடிபட்டவர் முதலில் போக வேண்டிய இடம் அரசு மருத்துவமனை. டாக்டர் அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதுவதைத்தான் 'ஏ.ஆர்' என்கிறார்கள். எத்தனை பேர் அடித்தார்கள், தெரிந்தவர்களா, எதால் அடித்தார்கள் என்று டாக்டர் கேட்பார். அந்த ஒரு பக்கம் பின்னால் கோர்ட்டில் பெரிய சாட்சி. டாக்டரிடம் '2 பேர், கம்பு' என்றும் போலீஸில் '6 பேர், அரிவாள்' என்றும் சொன்னால், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அது போதும்.

கொலையும், கொலை ஆகாத மரணமும்

எல்லா மரணமும் கொலை ஆகாது. சாகடிக்கும் எண்ணத்தோடு, அல்லது செத்துவிடக்கூடிய அளவு காயப்படுத்தும் எண்ணத்தோடு செய்தால் கொலை. பிரிவு 103-ன்படி தூக்கு அல்லது ஆயுள். திடீரென மூண்ட சண்டையில், முன்திட்டம் இல்லாமல், ஆவேசத்தில் நடந்து, கொடூரமாகவும் நடந்துகொள்ளாமல் இருந்தால், அது கொலைக் குற்றம் ஆகாத மரணம் என்று பிரிவு 105-க்கு இறங்கலாம். கவனக்குறைவால் நேர்ந்த மரணம் 106(1). 5 ஆண்டு வரை.

5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து சாதி, மதம், மொழி, பிறந்த ஊர் போன்ற காரணத்தால் ஒருவரைக் கொன்றால், 103(2)-ன்படி அந்தக் கும்பலில் ஒவ்வொருவருக்கும் தூக்கு அல்லது ஆயுள். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்தவராக இருந்து, தாக்கியவர் அந்தப் பிரிவுகளைச் சேராதவராக இருந்தால், 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தலாம். அந்த வழக்கை டி.எஸ்.பி அந்தஸ்தில் உள்ளவர்தான் விசாரிக்க வேண்டும். இதையும் புகாரிலேயே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டின் தனிச் சட்டங்கள்

கோபத்தில் வைக்கோல் படப்புக்குத் தீ வைப்பது, தறியில் ஏற்றிய பாவை அறுப்பது, பைக்கை நொறுக்குவது எல்லாம் 'சொத்துக்குச் சேதம்'. பொதுச் சட்டத்தின் 324, நஷ்டத்தின் மதிப்பைப் பார்த்துத் தண்டனையை உயர்த்துகிறது. 1 லட்சம் ரூபாய்க்கு மேல் என்றால் 5 ஆண்டு வரை. தீ வைத்தால் பிரிவு 326. விளைபொருளுக்கு என்றால் 7 ஆண்டு வரை, குடியிருக்கும் வீட்டுக்கு என்றால் ஆயுள் வரை.

இதோடு 1992-ம் ஆண்டின் தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. 100 ரூபாய்க்குச் சேதம் என்றாலே குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு.

1982-ம் ஆண்டின் 14-வது சட்டம்தான் நாம் 'குண்டர் சட்டம்' என்பது. 'அவனுக்கு குண்டாஸ்ல ஒரு வருஷம் தண்டனை' என்று பேசிக்கொள்வோம். உண்மையில் அது தண்டனை கிடையாது. உடலுக்கும் பொருளுக்கும் எதிரான குற்றங்களை வழக்கமாகச் செய்பவர் மறுபடி செய்யாமல் இருக்க, விசாரணைக்கு முன்பே 12 மாதம் வரை அடைத்துவைக்கும் தடுப்புக் காவல். அடிப்படை வழக்கு தனியாக நடக்கும்.

புகார் எழுதும்போது

சட்டப் பிரிவை நீங்கள் எழுத வேண்டியதில்லை. அது போலீஸின் வேலை. நீங்கள் எழுத வேண்டியது நடந்தது மட்டும்தான்.

* நாள், நேரம், இடம். பொழுது சாய்ந்திருந்ததா, விளக்கு வெளிச்சம் இருந்ததா.
* வந்தவர்கள் எத்தனை பேர், யார் என்ன செய்தார்.
* தொட்டார்களா, தள்ளினார்களா, என்ன ஆயுதம், என்ன வார்த்தை சொல்லி மிரட்டினார்கள்.
* எங்கே காயம், எந்த மருத்துவமனை.
* போன பொருள், எடை, அடையாளம், மதிப்பு.
* யார் பார்த்தார்கள், பக்கத்தில் கேமரா இருந்ததா.

நடக்காததைச் சேர்க்க வேண்டாம். 'சும்மா அடிச்சான்னு சொன்னா கேஸ் நிக்காது, செயினையும் பறிச்சான்னு சேர்த்து எழுது' என்று சொல்லித்தர ஊரில் ஆள் இருக்கும். ஒரு அடிதடி வழக்கை இப்படிக் கொள்ளை வழக்காக ஊதினால், ஒருவருக்கு 10 ஆண்டு சிறைவரை போகும் ஆபத்து. பொய் என்று தெரிந்தால் புகார் கொடுத்தவர்மீதே பிரிவு 217-ல் நடவடிக்கை வரலாம். அதைவிட மோசம், உண்மையில் வாங்கிய அடியையும் கோர்ட் நம்பாமல் போய்விடும்.

சம்பவம் எந்த ஊரில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்.ஐ.ஆர் போட்டு உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். ஆன்லைனில் அனுப்பினால் 3 நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்.ஐ.ஆர் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். போலீஸ் நேரடியாக விசாரிக்கக்கூடிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்பது 2013-ல் உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் சொன்ன தீர்ப்பு. 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும், டி.எஸ்.பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தப் புதுச் சட்டம் இடம் தருகிறது.

புகாரை வாங்க மறுத்தால் மாவட்ட எஸ்.பி-க்குத் தபாலில் அனுப்பலாம். சங்கரன்கோவில் என்றால் தென்காசி எஸ்.பி. அங்கும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட். வக்கீலுக்குப் பணம் இல்லை என்று தயங்குபவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அந்த உதவி உண்டு.

முதல் நாள் பதற்றத்தில் ஏதாவது விட்டுப்போயிருந்தால், விசாரணை அதிகாரியிடம் கூடுதல் வாக்குமூலம் கொடுங்கள். எஃப்.ஐ.ஆரில் போட்ட பிரிவு கல்வெட்டு அல்ல. விசாரணையில் தெரியவருவதை வைத்து அதை மாற்ற முடியும். ஆனால் அந்தத் தகவலைத் தாமதிக்காமல் சொல்லிவிடுங்கள். ரெண்டு மாசம் கழித்து முதல்முறையாகச் சொல்லும் அரிவாளை, எந்தக் கோர்ட்டும் சந்தேகத்தோடுதான் பார்க்கும்.